கிழக்கு ஜன்னல் என்கிற வாடிக்கையாளர்

பிப்ரவரி 9

சுண்ணாம்புக்கு,

அண்ணன் எழுதுறேன். இங்க நான் சௌக்கியம், உன் அண்ணி சௌக்கியம், கடையில கம்ப்ரசருக்கு மட்டும் கொஞ்சம் சொகமில்ல, இருமிக்கிட்டே இருக்கு. நீ அங்க வேளாவேளைக்குச் சாப்பிடுறியா, தலைக்கு எண்ணெ வெக்கிறியா, அத மொதல்ல எழுது.

போன் பண்ணாம ஏன் கடுதாசின்னு கேப்ப. போன்ல நான் வாயத் தொறந்தாலே "சுருக்கமா சொல்லுங்கண்ணே, சுருக்கமா சொல்லுங்கண்ணே"ங்கிற. எனக்குச் சுருக்கமா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதே, நான் என்ன பண்ணட்டும்? கடுதாசின்னா குறுக்க பேசாது. அதுவுமில்லாம இருக்கிற ஒரே போன் இப்ப உன் அண்ணி கையில. வாங்கினவ திருப்பித் தர்றதாக் காணோம்.

வீடு மாத்திட்டோம். பழைய வீடு நம்ம பஞ்சர் கடைக்குப் பக்கம், ஆனா பெரிய ரோட்டுக்குத் தூரம். இது ரோட்டு மேலயே இருக்கு. பஸ் ஏற எறங்க வசதி. யாரு பஸ் ஏறப் போறீங்கன்னு கேக்காத. வசதின்னா வசதி. ஒரே ரூம்தான். கட்டில உள்ள கொண்டுபோன கதையச் சொல்லியே ஆகணும். வாசல் சின்னது, கட்டில் பெருசு. நேரா விட்டோம், படுக்க விட்டோம், தலைகீழா விட்டோம், ம்ஹூம். வீட்டுக்காரர் வந்து பாத்துட்டு, "காலை வெட்டிருங்க"ங்கிறாரு. "யாரு காலை?"ன்னேன். அவரு மொகத்தைப் பாக்கணுமே! கடைசில நாலு காலையும் கழட்டி, உள்ள போயி மாட்டினோம். இப்ப ஒரு கால் லேசா ஆடுது. உன் அண்ணி மட்டும் பழைய மாதிரி இருந்திருந்தா, இந்தக் கதைய நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி சொல்லியிருப்பா. சும்மாவா அவளுக்கு ரேடியோன்னு பேரு வெச்சோம்.

பழைய மாதிரின்னா, தொண்டை கட்டாம இருந்திருந்தான்னு சொல்ல வந்தேன். பனி. வேற ஒண்ணுமில்ல.

நீ ஒடம்பப் பாத்துக்க.

உன் அண்ணன்

●

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

சுண்ணாம்பு எழுதுவது. நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன். எண்ணெய் வைப்பதில்லை, ஆபீஸில் சிரிப்பார்கள். கம்ப்ரசரின் உடம்பை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கிளம்பிய அவசரத்தில் என் வேலை என்னவென்று உங்களுக்குச் சரியாகச் சொல்லவே இல்லை. எங்கள் கம்பெனி சுவர் பெயின்ட் விற்கிறது, வெப்சைட்டில். அதன் பெயரைக் கடிதத்தின் மேலே எழுதியிருக்கிறேன். ஒருவர் தன் வீட்டுச் சுவரைப் போட்டோ எடுத்து அதில் ஏற்றினால் போதும். விரலால் தொட்டால் சுவர் நிறம் மாறும். பிடிக்கவில்லையா, இன்னொரு நிறம். நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கலாம், ஒரு சொட்டு கீழே சிந்தாது. பக்கத்திலேயே அரட்டைப் பகுதி இருக்கிறது. "இந்த நிறம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் மற்ற வாடிக்கையாளர்கள் அபிப்பிராயம் சொல்வார்கள். விளம்பரம் போட்டுக் கத்துகிற காலம் போய்விட்டதாம். வந்தவரை உட்காரவைத்துப் பேசவைத்துவிட்டால் பெயின்ட் தானாக விற்கும் என்கிறார் மேனேஜர் அம்மா.

இதில் என் வேலை என்ன தெரியுமா? அந்த மற்ற வாடிக்கையாளர்கள் நான்தான்.

ஆமாம் அண்ணே. ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், ஒரு புது மாப்பிள்ளை, ஒரு மாடி வீட்டுக்காரி, மூன்று பேரும் நானே. வாத்தியாராக இருக்கும்போது கொஞ்சம் அதட்டுவேன். மாப்பிள்ளைக்கு எல்லா நிறமும் பிடிக்கும். மாடி வீட்டுக்காரிதான் எனக்குச் சுலபம், அவளுக்கு என் வாயையே கொடுத்துவிட்டேன். வெளியே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஆபீஸில் நுழையும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஜூலை வரைக்கும் தற்காலிகம்தான், அதற்குப் பிறகு வைத்துக்கொள்வார்களா என்று தெரியாது.

அண்ணிக்கு என் மேல் கோபமா? மூன்று முறை போன் செய்தேன், ஒரு முறைகூடப் பேச வரவில்லை. உங்களுக்குக் கால் முறிந்தபோது முதல் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தேன். இந்த முறை கிளம்பும்போது வாசலில் நின்று, "இனி என்ன ஆனாலும் திரும்பி வராத" என்றார். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. நான் என்ன தப்புச் செய்தேன்?

வீட்டுக்கு வராதே என்றால் வரமாட்டேன். விசாரிக்கவாவது விடுங்கள்.

அன்புடன்
தங்கை

●

மார்ச் 7

சுண்ணாம்புக்கு,

அண்ணன். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். கம்ப்ரசர் நீ விசாரிச்சதுல தேறிடுச்சு.

உன் வேலையப் படிச்சுட்டுக் கடையில ஒக்காந்து தனியாச் சிரிச்சேன். பஞ்சர் ஒட்ட வந்தவரு, "என்னண்ணே, டியூபு ஏதாச்சும் ஜோக் சொல்லுச்சா?"ங்கிறாரு. பெயின்ட் வாங்காதவ வாங்கினவ மாதிரி பேசறதா! அதுக்குச் சம்பளமா! நானும் நாளைக்கு மூணு சைக்கிள நானே தள்ளிக்கிட்டு வந்து, "ஆகா, இந்தக் கடை ஒட்டு இருபது வருசம் தாங்கும்"னு நானே சொல்லிக்கலாம் போல.

ஆனா தப்புன்னு சொல்ல மாட்டேன். எங்க கடையிலயும் இது உண்டு. காத்து மட்டும் அடிச்சுக்கிட்டுப் போறவங்க இருக்காங்களே, அவங்களுக்குக் காசு கெடையாது. ஒருத்தரு தெனமும் காலையில வருவாரு. சைக்கிள்ல காத்து கொறைஞ்சிருக்கவே இருக்காது, இருந்தாலும் அடிச்சுக்குவாரு. அவருக்குக் காத்துன்னே பேரு வெச்சேன். "இந்தாளு ஒரு பஞ்சராவது ஒட்டியிருக்காரா?"ன்னு பொலம்பினா உன் அண்ணி, "காத்து என்ன உங்க அப்பா சேத்து வெச்சதா, அடிச்சு விடுங்க"ம்பா. சாப்பாட்டுத் தூக்குவாளிய வெச்சுட்டு அவருகிட்ட நின்னு அரை மணி நேரம் பேசுவா. நான் சாப்பிட்டு முடிச்சா வாளிய எடுத்துக்கிட்டுப் போவா, கதை நாளைக்குத் தொடரும்.

கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. உன் கடுதாசியப் படிச்சுக் காட்டினேன். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா. அந்த வெப்சைட்டுப் பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொரு தடவ படிக்கச் சொல்லிக் கை காட்டினா. அவளுக்கு எங்க எழுத்துப் படிக்க வரும், கடை போர்டைத் தாண்டுனா தடுமாறுவா. உனக்குத் தெரியாததா. வாய்விட்டுச் சொல்லியிருப்பா, தொண்டைதான் கட்டியிருக்கே.

இந்த ரூம்ல காலைல வெயில் நல்லா வருது. கட்டில்ல இருந்தபடியே வாங்கிக்கலாம்.

சாப்பிடு.

அண்ணன்

●

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் அப்படியே இருக்கவேண்டும். இன்னுமா பனி? ஏப்ரல் வந்துவிட்டதே. அண்ணியை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கோபம் இல்லையென்று நீங்கள் எழுதினீர்கள். அண்ணி சொல்லவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையான வாடிக்கையாளர் வந்து சேர்ந்திருக்கிறார். "கிழக்கு ஜன்னல்" என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வெப்சைட்டில் யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. ஒரே ஒரு சுவரைப் போட்டோ எடுத்து ஏற்றியிருக்கிறார். பாவம், ஏழைச் சுவர். நடுவில் ஒரு ஈரத்திட்டு, பார்த்தால் அடைகாக்கிற கோழி மாதிரியே இருக்கிறது. முதல் நாள் அவர் எழுதியது, "கோளி மறையர மாரி ஒரு நெறம் சொல்லு". அவ்வளவு பிழை. அதைத் தட்டுவதற்கே அரைநாள் ஆகியிருக்கும். வாத்தியாருக்கும் மாப்பிள்ளைக்கும் பதில் போடுவதில்லை. மாடி வீட்டுக்காரியிடம் மட்டும்தான் பேசுவார். இப்போது பிழை குறைந்துவிட்டது. தினமும் காலையில் வந்துவிடுகிறார்.

அவரிடம் நம் கதையைக்கூடச் சொல்லிவிட்டேன், சொந்தக் கதை என்று காட்டிக்கொள்ளாமல். அம்மா இல்லாத வீட்டில் வளர்ந்த ஒரு பெண், பசிக்காமலே சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பாள். புதிதாய்க் கல்யாணமாகி வந்த அண்ணி ஒருநாள் பார்த்துவிட்டு, அடிக்காமல் திட்டாமல் அந்த இடத்திலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, "இப்ப தின்னு பாப்போம்" என்றாள். அப்புறம் தினமும் அங்கேதான் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு ஊட்டினாள். இதை நான் மாடி வீட்டுக்காரியாக எழுதினேன். மறுநாள் கிழக்கு ஜன்னலிடமிருந்து ஒரே வரி. "அந்த புள்ள இப்ப நல்லா சாப்டுதா?"

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஆனால் ஒரு டப்பாகூட வாங்க மாட்டேன் என்கிறார்.

அன்புடன்
தங்கை

●

ஏப்ரல் 15

சுண்ணாம்புக்கு,

அண்ணன் எழுதுறேன். சௌக்கியம். டாக்டருகிட்டப் போய்க்கிட்டுத்தான் இருக்கோம். பஸ் வாசல்லயே நிக்குது, அலைச்சல் இல்ல.

நீ சுவத்தத் தின்ன கதைய எழுதியிருந்த. உன் அண்ணி அதுக்கு எப்படிச் சிரிச்சா தெரியுமா? தோள் ரெண்டும் குலுங்குது, கண்ணுல தண்ணி, சத்தம் மட்டும் இல்ல. நான் பயந்து போய் முதுகத் தட்டுறேன், கைய ஒதறிவிட்டுச் சிரிக்கிறா. உன் கடுதாசி வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சிரிச்சுட்டா. என்னத்துக்குன்னு நீ எழுதினதப் படிச்சப்பறந்தான் எனக்கு வெளங்குச்சு.

அத விடு. நான் பாட்டுக்கு எதையாவது ஒளறுவேன்.

அந்தக் கிழக்கு ஜன்னலம்மா இருக்காங்களே, அவங்களப் பத்தி ஒண்ணு சொல்றேன். நல்லாப் பேசு அவங்ககிட்ட. வாத்தியாரும் மாப்பிள்ளையும் கொஞ்சம் சும்மா இருக்கட்டும், அவங்களுக்கென்ன கேடு. அந்தம்மா காலைல வந்தா, நீ முந்திக்கிட்டு என்ன ஏதுன்னு கேளு. யாரு கண்டா, நாள் பூரா அது ஒண்ணுக்குத்தான் காத்துக்கிட்டிருப்பாங்களோ என்னமோ. ஈரத்திட்டுன்னு ஒண்ணும் எளக்காரமா நெனைக்காத. எந்த வீட்டுச் சுவத்துலதான் ஈரம் இல்ல.

பெயின்டுக்கு என்னென்னமோ பேரு வெக்கிறீங்களாமே? மஞ்சளுக்கு மஞ்சள்னு பேரு வெச்சா உங்க கம்பெனி முழுகிப் போயிடுமா? "காலை வெயில்"னு ஒண்ணு இருக்காம். யாரோ சொன்னாங்க.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தப் புள்ள நல்லா சாப்பிடுதான்னு எல்லாருந்தான் கேக்கறாங்க.

அண்ணன்

●

மே 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் களைப்பு. நீங்களும் அண்ணியும் சுகம்தானே?

நீங்கள் என் கடிதங்களை அண்ணிக்குப் படித்துக் காட்டுவது சந்தோஷம். சிரித்தார் என்றது அதைவிடச் சந்தோஷம். ஆனால் சிரிக்க முடிகிறவருக்கு போனில் ஒரு "உம்" சொல்ல முடியாதா? போன வாரம் கூப்பிட்டேன். எடுத்தார், மூச்சுச் சத்தம் கேட்டது, வைத்துவிட்டார். இனிமேல் நானாகக் கூப்பிட மாட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

ஆபீஸில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. வாடிக்கையாளர்களை இரண்டு கூடையாகப் பிரிக்கவேண்டுமாம். ஒன்று "வாங்குபவர்". இன்னொன்று "வெறும் பேச்சு". வாங்குகிறவர்களிடம் மட்டும் நாங்கள் பேசவேண்டும். வெறும் பேச்சுக் கூடைக்கு மெஷினே பதில் சொல்லிவிடும். மேனேஜர் அம்மா என் மேஜைக்கே வந்து, "இந்தக் கிழக்கு ஜன்னல் ரெண்டு மாசமா உன் நேரத்தத் தின்னுது. என்ன உறவா உனக்கு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எப்படியாவது வாங்கவைத்துவிடப் பார்த்தேன். "காலை வெயில் உங்க சுவத்துக்கு அப்படிப் பொருந்துது, ஒரு டப்பா எடுத்துக்குங்களேன்" என்று எழுதினேன். "எடுத்துட்டா அப்பறம் உங்கிட்ட என்னத்த கேட்டுகிட்டு வருவேன்" என்று பதில் வந்தது. என்ன பெண்மணியோ!

இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன். ஜூலையில் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள் அண்ணே. இந்த வேலையும் போனால் நான் எங்கே போவது? திரும்பி வரக்கூடாது என்று வேறு சொல்லியாகிவிட்டது.

தங்கை

●

மே 13

சுண்ணாம்புக்கு,

அண்ணன். எங்களுக்கென்ன, இருக்கோம்.

இந்தக் கடுதாசி உனக்குச் சீக்கிரம் கெடைக்கணும்னு தபாலாபீசுக்கே கொண்டுபோய்க் குடுக்கறேன். காத்துக் கதைய அன்னைக்குப் பாதியில விட்டேன்ல, மீதியக் கேளு. சுருக்கமாச் சொல்லுன்னு சொல்லாத.

அந்தக் காத்து மனுசன் கடைசிவரைக்கும் ஒரு பஞ்சர் ஒட்டினதில்ல. பின்னாடி லாரிக் கம்பெனிய எங்கிட்ட அனுப்பி வெச்சாரு, பெரிய வேலை வாங்கிக் குடுத்தாரு, அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல. ஒரு பைசா பிரயோசனம் கெடையாது. ஒருநாள் வரல. மறுநாளும் வரல. கம்ப்ரசர ஓட்டிவிட்டு, குழாயக் கையில வெச்சுக்கிட்டு ரோட்டப் பாத்து நிக்கறேன். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் இத்தன வருசமா கடையத் தொறக்கறது அவரு வர்ற நேரத்துக்குத்தான். வெறும் பேச்சுன்னு சொல்லிட்டா போச்சா? வெறும் காத்துதான் டியூபுக்குள்ள இருக்கு. அதை எறக்கிவிட்டுட்டு வண்டிய ஓட்டச் சொல்லு பாப்போம், உங்க மேனேஜரம்மாவ.

அதனால அந்தக் கிழக்கு ஜன்னல அந்தக் கூடையில போட்டுடாத. உன் அண்ணன் கேக்கறேன். எதுக்கு, ஏன்னு கேக்காத. கேட்டா எனக்குச் சொல்ல வாயில்ல, ஒருத்திக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

பெயின்ட் வாங்கினாத்தான் ஆளுன்னா, அதுவும் ஆச்சு. நேத்து கடைத்தெருவுல ஆணிக்கடைக்குப் போயி உங்க கம்பெனி பெயின்டு, அந்தக் காலை வெயிலேதான், ஒரு டப்பா வாங்கிட்டு வந்துட்டேன். நம்ம ரூம்லயும் ஒரு சுவரு இருக்கு. பெயின்ட் வாசனை இப்ப ஆகாது, அதனால தொறக்கல, கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன். வாங்கியாச்சுல்ல? இனிமே ஒண்ணும் பிரச்சினையில்லையே?

உடனே பதில் போடு.

அண்ணன்

●

ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உடனே எழுத முடியவில்லை, மன்னிக்கவும். மாதக் கடைசியில் மூச்சுவிட நேரமில்லை.

நீங்கள் டப்பா வாங்கியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். என் வேலைக்காக வாங்கினீர்களா? ஆணிக்கடையில் வாங்கினால் எங்கள் கணக்கில் வராது அண்ணே. வெப்சைட்டிலேயே அமுக்கி வாங்கினால்தான் ஏறும். அதுவும் நீங்கள் வாங்கினால் உங்களுக்கு ஏறும், அந்தம்மாவுக்கு எப்படி ஏறும்? நல்ல ஆளய்யா நீங்கள்.

கிழக்கு ஜன்னலைக் கூடை மாற்றிவிட்டேன். வேறு வழியில்லை. மாதம் முடிந்த மறுநாள்தான் மாற்றினேன், சொல்லப்போனால் ஒருநாள் தள்ளிப்போட்டது உங்களுக்காகத்தான். யாருக்குச் சத்தியம் செய்தீர்கள், எதற்கு என்று ஒன்றும் புரியவில்லை. உங்கள் கதையில் எப்போதும் பாதி எனக்குப் புரியாது.

மாடி வீட்டுக்காரியை அவருக்குப் பிடித்திருந்தது. இப்போதும் அவள் பெயரிலேயேதான் மெஷின் பதில் சொல்கிறது, அதனால் வித்தியாசம் தெரியாது. பேச்சுத் துணைக்கு ஆளா கிடைக்காது, பக்கத்து வீட்டில் போய்ப் பேசட்டுமே.

அண்ணியை விசாரித்தேன் என்று சொல்லவேண்டாம்.

தங்கை

●

ஜூலை 8

சுண்ணாம்புக்கு,

அண்ணன் எழுதுறேன். போய்ச் சேந்தியான்னு கேக்கத்தான் எழுதுறேன். சாப்பிட்டியா?

அண்ணி போயிட்டான்னு நான் போன் பண்ணினதும் கெளம்பி வந்த. வந்தவ வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டல. உன் அண்ணியப் பாக்கறதுக்கு முன்னாடி சுவத்தப் பாத்த. கோழியப் பாத்த. அப்படியே நின்னுட்ட. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. இருந்த ரெண்டு நாளும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, பஸ் ஏறிட்ட. பஸ் வாசல்லயே நிக்கறது உனக்கும் வசதியாப் போச்சு.

இப்ப சத்தியம் முடிஞ்சுது. சொல்றேன்.

நீ வேலைக்குப் போறதுக்கு முந்தின மாசமே டாக்டரு சொல்லிட்டாரு. தொண்டையில கட்டி. நீ போன ரெண்டாவது வாரம் அறுத்தாங்க. அதோட ரேடியோ நின்னுபோச்சு. தொண்டைக்குழியில ஓட்டை போட்டு அது வழியாத்தான் மூச்சு. ஊருல உள்ள ஓட்டையெல்லாம் அடைச்சு அனுப்பறவன் நான். இந்த ஓட்டைய அடைக்கக் கூடாது, அடைச்சா போயிடுவான்னாங்க. அதைத் தெனமும் தொடச்சு விடறதுதான் என் வேலையா இருந்துச்சு. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு, பேச்சு இருக்கறப்பவே எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. "எங்களுக்காக ஒரு வேலைய விட்டவ, இதையும் விட்டுட்டு வந்து நிப்பா, விட்டா அவ வாழ்க்க இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துலயே முடிஞ்சிரும்"னா.

எழுத்து அவளே கத்துக்கிட்டா. நீ வேலை செய்யற எடத்த எட்டிப் பாக்கணும்னு ஆசை. எட்டிப் பாத்தா, அங்க மூணு பேரு பேசறாங்க. மூணும் நீதான்னு உன் கடுதாசியிலயே கேட்டிருந்தா, அதுல உன் வாய் இருந்த மாடி வீட்டுக்காரியப் பிடிச்சுக்கிட்டா. ஒனக்கு அவ யாருன்னு தெரிய வேண்டாம், பேசினாப் போதும்னா. எழுதித்தான் காட்டினா. காலைல எந்திரிச்சு மொகம் கழுவி, தலைய வாரிக்கிட்டுத்தான் போனத் தொறப்பா. ஆள் பாக்கப் போற மாதிரி.

ஆணிக்கடையில வாங்கினா ஆகாதுன்னு எனக்குத் தெரியாதும்மா. டப்பான்னா டப்பாதானேன்னு நெனச்சுட்டேன். போன அவகிட்டயிருந்து வாங்கி அதுல அமுக்கியிருந்தா முடிஞ்சிருக்கும் காரியம். கையில இருந்துச்சு போனு.

உன்மேல எனக்கொண்ணுமில்ல. உனக்கு எம்மேல இருந்தா, அது நியாயந்தான்.

அண்ணன்

●

ஜூலை 19

அண்ணே,

சாப்பிட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா? கடையைத் திறந்தீர்களா?

மெஷின் பதில் சொல்கிற கூடையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் திறந்தேன். அண்ணி எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் கீழே மெஷின் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது. "உங்கள் கருத்துக்கு நன்றி! உங்கள் சுவர் உங்களைப் போலவே அழகாக மலரட்டும்!" அதைத் திரும்பத் திரும்ப எழுத என் கை வரவில்லை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"மாடி வீட்டுக்காரி, சாப்டியா?"

"என்ன பேச்சு இது. சாப்டியான்னு கேட்டா மலரட்டும்ங்கிற."

"இது நீ இல்ல. நீ இவ்வளவு மரியாதையா பேச மாட்ட."

"சரி. வேலை ஜாஸ்தியா இருக்கும். பரவால்ல. நான் எழுதி வெக்கிறேன்."

"இன்னைக்கு வெயில் கோழி மேல விழுந்துச்சு. முட்டை போடும் போல இருக்கு."

"நீ படிக்க மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால சொல்றேன். திரும்பி வராதன்னு சொன்னேன்ல, அது கோவம் இல்ல. வந்தா நான் உன்ன விட மாட்டேன். அந்த பயம்."

"அன்னிக்கு போன்ல உன் கொரல் கேட்டேன். என்னால உம் சொல்ல முடியல. வெச்சுட்டேன். நீ அழுதியா?"

"உங்கண்ணன் பெயின்ட் டப்பாவ கட்டிலுக்கு அடில ஒளிச்சு வெச்சிருக்காரு. எனக்கு தெரியாதுன்னு நெனப்பு. காலால தொட்டு பாத்துக்கறேன்."

கடைசியாக ஒன்று இருக்கிறது.

"சுண்ணாம்பு, சுவத்த சுரண்டாத. வயிறு வலிக்கும்."

அதற்கும் மெஷின் நன்றி சொல்லியிருக்கிறது.

நான் மாடி வீட்டுக்காரியாக உட்கார்ந்து பதில் எழுதினேன் அண்ணே. "சுரண்ட மாட்டேன் அண்ணி" என்று எழுதினேன். அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேனேஜர் அம்மா வந்து என் தோளில் தட்டி, ஜூலையிலிருந்து என்னை நிரந்தரமாக்கிவிட்டதாகச் சொன்னார்.

இந்த வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிடட்டுமா? நீங்கள் சொன்னால் இன்றே கிளம்புகிறேன்.

தங்கை

●

ஜூலை 27

சுண்ணாம்புக்கு,

கடுதாசி கெடச்சுது. அவ எழுதினத மொத்தமும் படிச்சேன். மெஷின் பேச்சை விட்டுட்டேன்.

வந்துடாத. அவ சொன்னதுதான்.

நீ அனுப்பின பதில் இங்க வந்துச்சு. போன் கட்டில் மேல கெடந்துச்சு, டிங்குன்னுச்சு. நான்தான் எடுத்துப் படிச்சேன். அவ தலகாணிப் பக்கம் திரும்பி, சத்தமா ஒரு தடவ படிச்சேன்.

கடையத் தொறந்துட்டேன். டப்பாவையும் தொறந்துட்டேன். ரெண்டு பூச்சு அடிச்சேன். மஞ்சள் நல்லாத்தான் இருக்கு, நீ பொருத்தமாத்தான் சொல்லியிருக்க. கோழி மறைஞ்சு போச்சு. அப்பறம் ஒரு வாரம் மழை. நேத்து காலைல வெயில் வந்ததும் பாக்கறேன், பெயின்டைத் தாண்டி லேசா வந்து ஒக்காந்திருக்கு, அதே எடத்துல. மொதல்ல வாலு, அப்பறம் முதுகு.

வீட்டுக்காரரு பாத்துட்டு இன்னொரு பூச்சு போடுங்கன்னாரு. போடல. இருக்கட்டும்னுட்டேன்.

சாப்பிட்டுட்டுப் படு.

அண்ணன்